பழைய லுங்கியில் குரோஷா கால்மிதி: மழைக்காலத்துக்குத் தாங்குகிற மாதிரி பின்ன ஒரு முழு வழிகாட்டி

ரங்கூனில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே நுழைவோம். பர்மாக்காரர் வீடானாலும் தமிழர் வீடானாலும் அதே பழக்கம்தான். அதனால் வாசலில் ஒன்று, குளியலறை ஓரம் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று கால்மிதிகள் கிடந்துகொண்டே இருக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மிதி தண்ணீரைக் குடிக்காது. பழைய பருத்தித் துணியைப் பட்டையாக வெட்டிக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்னியது நன்றாகவே குடிக்கும். ஆனால் குடித்த தண்ணீர் வெளியே போக வேண்டுமே. மே மாதத்தில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வெயிலைக் கண்ணால் பார்க்காத நாட்கள் எத்தனையோ. வீடியோக்களில் காட்டுகிற மாதிரி ஒன்றரை மீட்டர் அகலத்தில் கனமாக ஒன்றைப் பின்னிவைத்தால், நனைந்த பிறகு தூக்க இரண்டு ஆள் வேண்டும். காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்து வீடே நாறும்.

ஆகவே என் கணக்கு: பெரிதாக ஒன்று வேண்டாம், சின்னதாக இரண்டு. 45 செ.மீ. வட்டம் வாசலுக்குப் போதும். ஒன்று தரையில் கிடக்கும்போது இன்னொன்று கொடியில் காயும். பட்டையின் அகலம், ஊசியின் கனம், பின்னலின் இறுக்கம் எல்லாவற்றையும் ‘இது காயுமா?’ என்று கேட்டே முடிவு செய்யலாம்.

துணி

ஆண்கள் கட்டும் பருத்தி லுங்கிதான் முதல் தரம். நூலில் சாயமேற்றி நெய்த துணி, அதனால் இரண்டு பக்கமும் ஒரே நிறம். பல வருஷம் துவைத்து, சுருங்க வேண்டியது சுருங்கி, கஞ்சியும் போய் மெத்தென்று ஆகியிருக்கும். உட்கார்ந்து தேய்ந்த பகுதியை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். கையால் இழுத்தாலே கிழிகிற துணி காலடியில் எத்தனை நாள் நிற்கும்?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பச்சைத் துணிக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளை மேல்சட்டையும் பச்சை லுங்கியும்தானே இங்கே சீருடை. ஆனால் அந்தப் பச்சையில் பாலியெஸ்டர் கலந்தது நிறைய வருகிறது. பெண்கள் கட்டும் தமெய்ன் என்கிற லுங்கியிலும் அப்படித்தான். சந்தேகமாக இருந்தால் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான சிறு மணியாகிவிடும். அது தண்ணீரை உறிஞ்சாது, டைல்ஸ் தரையில் வழுக்கவும் செய்யும். அழகுக்கு ஒரு சுற்று சேர்க்கலாம், முழு மிதிக்கு வேண்டாம்.

தமெய்னின் இடுப்பில் தைத்திருக்கும் கறுப்புப் பட்டியை எறிந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பருத்திதான். கறுப்பு ஓரம் கட்ட உதவும். அச்சடித்த தமெய்னின் பின்பக்கம் வெளுத்திருக்கும். பட்டை முறுக்கிக்கொள்ளும்போது அந்த வெளுப்பும் வெளியே தெரியும். புள்ளி புள்ளியான அந்தத் தோற்றம் எனக்குப் பிடிக்கும், சிலருக்குப் பழசாகத் தெரியும்.

பருத்திச் சேலையும் ஆகும், ஆனால் மெல்லியது என்பதால் பட்டையை இரண்டு மடங்கு அகலமாக எடுக்க வேண்டும். ஜரிகை உள்ளது காலைக் கீறும். டி-ஷர்ட் துணி கைக்கு இதமாக இருந்தாலும் தண்ணீரை விடவே விடாது. அதைக் கட்டிலோரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் புறநகரான லைங்தாயா பக்கத்து ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் தெரிந்தவர்களாக இருந்தால் வெட்டுத் துண்டு கிடைக்கலாம், ஆனால் அதில் பெரும்பகுதி இந்தப் பின்னலாடைத் துணியாகத்தான் இருக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், மணிக்கட்டு போய்விடும்.

கூறைப்புடவை, சாமிக்குச் சாத்திய துணி, பிக்குகளின் சீவரம், அதே நிறத்துக் காவித் துணி, இவை எதையும் காலில் மிதிக்கும் பொருளுக்கு எடுக்காதீர்கள். பர்மாக்கார வீட்டுக்குப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் தமெய்ன் துணியையும் தவிர்ப்பது நல்லது. பெண்கள் கட்டிய தமெய்னுக்கு அடியில் ஆண்கள் நடந்தால் அவர்களுடைய மேன்மை குறையும் என்ற நம்பிக்கை இங்கே பழையது. ஆண்களின் துணியோடு அதைச் சேர்த்துத் துவைக்காத வீடுகள் இன்றும் உண்டு. நம்புகிறோமோ இல்லையோ, வாங்குபவர் மனம் சங்கடப்படக் கூடாது.

சாயம் போகுமா என்பதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் விளையாட்டுக் காட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அது பலிப்பதில்லை. சாயம் விடுகிற துணியைத் தனியாகப் பல தடவை அலசி, அப்புறமும் நிற்காவிட்டால் அடர்நிறத் துணிகளோடு மட்டும் சேருங்கள். தையற்கடையிலிருந்து வாங்கும் புதுத் துண்டுகளைத் துவைக்காமல் பின்னினால் முதல் சலவையில் அந்தச் சுற்று மட்டும் சுருங்கி மிதியைக் கோணலாக்கிவிடும். துண்டுத் துணியை எடைக்கு வாங்குகிறவர்கள் பர்மா வீசை 1.63 கிலோ என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பட்டை எடுப்பது

பாதி வேலை இங்கேதான். பட்டை ஒரே சீராக இருந்தால் பின்னல் தானாகச் சீராக வரும்.

லுங்கி ஏற்கெனவே குழாயாகத் தைத்தது, அதுதான் வசதி. 2 மீட்டர் சுற்றளவு, 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சுழலாகச் சுற்றிச் சுற்றி வெட்டினால் இடையில் இணைப்பே இல்லாமல் ஒரே நீளப் பட்டை கிடைக்கும். 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் 40 சுற்று, அதாவது 80 மீட்டர். தேய்ந்த இடங்களைக் கழித்தாலும் 60 மீட்டருக்குக் குறையாது. பாவு நூல், அதாவது நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல், சுற்றளவின் திசையிலேயே ஓடுவதால் பட்டை பலமாகவும் இருக்கும்.

முதலில் கீழ் விளிம்பில் தொடங்கி, சுமார் 30 செ.மீ. தூரத்துக்குள் சாய்வாக ஏறி 2.5 செ.மீ. அகலத்தை எட்டுங்கள். பிறகு அதே அகலத்தில் போய்க்கொண்டே இருங்கள். ஒரு சுற்று முடிந்ததும் கத்தரி தானாக அடுத்த அடுக்குக்கு ஏறிவிடும். அகலத்துக்கு அளவாக ஓர் அட்டைத் துண்டை வைத்துக்கொண்டால் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை.

வெட்டக் கை வலிக்கிறவர்களுக்குக் கிழிக்கும் வழி இருக்கிறது. லுங்கியின் தையலைப் பிரித்து, ஒரு முனையைப் பட்டை அகலம் அளவு, அதாவது 2.5 செ.மீ. மேலே தள்ளிவைத்து மறுபடி தையுங்கள். தள்ளி நிற்கும் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுக் கிழித்தால் இழையோடு நேராகக் கிழிந்துகொண்டே வரும். ஒவ்வொரு சுற்றிலும் தானாக அடுத்த வரிக்குப் போகும். மிக வேகமான முறை, ஆனால் தூசி பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு மாடியில் வைத்துக் கிழியுங்கள்.

எந்த முறையானாலும் 2 மீட்டருக்கு ஒரு தடவை பழைய தையல் குறுக்கே வரும். வெட்டும்போது தையல் நூலும் அறுபடுவதால், அந்த இடம் பிறகு மிதிக்குள் விட்டுப்போகும். பந்து சுற்றும்போதே ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்து, அசைந்தால் கையால் நாலு குத்துப் போட்டுவிடுங்கள். சலிப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

இரண்டு பட்டைகளை இணைக்க எல்லாரும் சொல்கிற முறை துளை முறை. இரண்டின் நுனியிலும் 1.5 செ.மீ. உள்ளே தள்ளி 1 செ.மீ. நீளத்துக்குக் கீறல் போடுங்கள். பழைய பட்டையின் நுனியைப் புதிய பட்டையின் துளைக்குள் விடுங்கள். பிறகு புதிய பட்டையின் மறுமுனையை எடுத்துப் பழைய பட்டையின் துளைக்குள் விட்டு முழுவதையும் இழுத்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். துண்டுத் துணிகளுக்கு இது அருமை. ஆனால் 80 மீட்டர் பட்டையை முழுவதும் துளைக்குள் இழுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நீளப் பட்டைகளை 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் தைப்பதே நல்லது. முடிச்சு மட்டும் போடாதீர்கள். உள்ளங்காலில் உறுத்தும், அந்த இடம் காயவும் தாமதமாகும்.

வெட்டிய பட்டையைப் பந்தாகச் சுற்றும்போது தொங்கும் நூல்களை உருவிவிடுங்கள். அதிகமாக உருவினால் பட்டை மெலிந்துவிடும்.

ஊசி

2.5 செ.மீ. லுங்கிப் பட்டைக்கு 10 மி.மீ. கனமுள்ள கொக்கி ஊசி சரியாக இருக்கும். அதே பட்டையை 8 மி.மீ. ஊசியில் பின்னினால் கெட்டியாக, பார்க்க நேர்த்தியாக வரும். ஆனால் மழைக்காலத்தில் காயாது. பின்னலை வெளிச்சத்தில் பிடித்தால் தையல்களுக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும், சிறுவிரல் நுழையக் கூடாது. அதுதான் நமக்கு வேண்டிய இறுக்கம்.

கடைகளில் லேஸ் பின்னுகிற மெல்லிய ஊசிகள்தான் எளிதில் கிடைக்கும். கனமானது அகப்படாவிட்டால் முற்றின மூங்கிலில் செதுக்கிக்கொள்ளலாம். 15 செ.மீ. நீளம், 10 மி.மீ. கனம். நுனியை மழுங்கச் சீவி, நுனியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளிச் சாய்வாக ஒரு வெட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பிசிறு இருந்தால் ஒவ்வொரு தையலிலும் துணியைப் பிடித்து இழுக்கும். பிடிக்கும்போது பேனாப் பிடி வேண்டாம், கத்திப் பிடியாக உள்ளங்கைக்குள் பிடியுங்கள். துணிப் பட்டையின் கனத்தை விரல்கள் தாங்காது, முழங்கைதான் தாங்கும்.

பின்னல்

தெரிய வேண்டியவை இரண்டே தையல். பட்டை நுனியில் சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். பட்டையைக் கொக்கியில் பிடித்து அந்த வளையத்தின் வழியே இழுத்தால் அது சங்கிலி. அடுத்தது ஒற்றைத் தையல்: ஊசியைப் பின்னலுக்குள் குத்தி, பட்டையை மாட்டி வெளியே இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு வளையம் இருக்கும். மறுபடி பட்டையை மாட்டி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பில் கொண்டுவாருங்கள்.

இரண்டு சங்கிலி போடுங்கள். முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே ஆறு ஒற்றைத் தையல். இதுதான் நடு. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரட்டிப்பு, 18. நான்காம் சுற்றில் இரண்டு தனி, மூன்றாவதில் இரட்டிப்பு, 24. இப்படிச் சுற்றுக்கு ஆறு கூடிக்கொண்டே போகும். சுற்றை மூட வேண்டியதில்லை, சுழலாகவே போகலாம். ஆனால் சுற்றின் முதல் தையலில் ஓர் ஊக்கைக் குத்திவையுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தொலைந்துவிடும்.

ஏன் ஆறு? ஆரம் ஒரு செ.மீ. கூடினால் வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 6.28 செ.மீ. கூடும். தையலின் உயரமும் அகலமும் சமமாக இருந்தால் சுற்றுக்கு ஆறு தையல் கூட்டினால் தட்டையாகக் கிடக்கும். நூலில் பின்னும்போது இது கச்சிதம். துணிப் பட்டையில் சிலருக்குத் தையல் அகலத்தைவிட உயரமாக வரும், அப்போது ஏழு அல்லது எட்டு தேவைப்படும். ஆகவே ஆறு என்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள், தரை சொல்வதைக் கேளுங்கள்.

மூன்று சுற்றுக்கு ஒரு தடவை, மடியில் அல்ல, தரையில் போட்டுப் பாருங்கள். ஓரம் மேலே எழும்பிக் கிண்ணம் போல ஆனால் தையல் போதவில்லை, அல்லது இழுத்துப் பின்னுகிறீர்கள். அடுத்த சுற்றில் இரண்டு கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். ஓரம் அலை அலையாக நெளிந்தால் தையல் அதிகம். ஒரு சுற்று எதையும் கூட்டாமல் போங்கள். லேசான நெளிவு மிதிபட்டுப் படிந்துவிடும். கிண்ணம் படியவே படியாது. அடுத்த இரண்டு சுற்றிலும் சரியாகாவிட்டால் பிரித்துவிடுங்கள். துணிப் பட்டை பிரிக்க எளிது.

இன்னொன்று, இரட்டிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஒரு சுற்றில் இரட்டிப்போடு தொடங்கினால் அடுத்த சுற்றில் சில தனித் தையலுக்குப் பிறகு தொடங்குங்கள். எண்ணிக்கை மாறாது, மூலை மட்டும் மறையும்.

துணிக் கணக்கைப் பார்ப்போம். 10 மி.மீ. ஊசியில் ஒரு தையல் சுமார் 1.3 செ.மீ. வரும் என்று வைத்தால், 45 செ.மீ. வட்டத்துக்கு 17 சுற்று. கடைசிச் சுற்றில் 102 தையல், மொத்தம் 918. ஒரு தையல் 8 அல்லது 9 செ.மீ. பட்டையைத் தின்னும். ஆகவே ஏறக்குறைய 78 மீட்டர். முழு லுங்கி ஒன்று தேவை, தேய்ந்ததாக இருந்தால் ஒன்றரை. இரட்டை மிதிக்கு மூன்று லுங்கியை ஒதுக்கினால் நடுவில் தவிக்க வேண்டியிராது. 60 செ.மீ. வட்டமானால் 23 சுற்று, 1,656 தையல், சுமார் 140 மீட்டர். உங்கள் கை இறுக்கம் வேறாக இருக்கும். ஒரு மீட்டர் பட்டையில் எத்தனை தையல் வருகிறது என்று எண்ணி, இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் ஏமாறுவது ஓரத்தில்தான். குறுக்களவில் பாதியை எட்டும்போது பரப்பில் கால்பங்குதான் முடிந்திருக்கும். நடுவுக்கு ஆசையாக ஒரு நிறத்தைக் கொட்டிவிட்டு, ஓரத்துக்கு நிறம் தேடுவார்கள். கடைசி நான்கு சுற்றுக்கான துணியை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கட்டம் போட்ட லுங்கியை வெட்டினால் கட்டம் காணாமல் போய்ப் புள்ளிகளாகச் சிதறும், அது எதோடும் சேரும். அதற்கு நடுவே சீருடைப் பச்சை இரண்டு சுற்று, ஓரத்தில் கறுப்பு. இது எப்போதும் எடுப்பாக இருக்கும். கறுப்பை மட்டும் பகல் வெளிச்சத்தில் பின்னுங்கள். கரண்ட் போன நேரத்தில் மெழுகுவர்த்தியில் கறுப்புத் தையலை எண்ணுவது கண்ணுக்கு நல்லதல்ல. கரண்ட் இல்லாத மாலைகளுக்கு வெளிர்நிறச் சுற்றுகளை ஒதுக்குங்கள்.

நீள்வட்டம் வேண்டுமானால் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்த அளவுக்குச் சங்கிலி போட வேண்டும். 70 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்றால் 25 செ.மீ. சங்கிலி. அதன் இரண்டு பக்கமும் சுற்றிப் பின்னி, இரண்டு முனையிலும் மூன்று மூன்றாகக் கூட்டுங்கள், நேர்ப் பக்கங்களில் எதுவும் கூட்டாதீர்கள். அடுப்படிக்கு இந்த வடிவம்தான் தோது.

முடிப்பு

கடைசி மூன்று தையல்களைத் தாழ்வாக இழுத்துப் போட்டால் சுழலின் படி மறையும். 15 செ.மீ. வால் விட்டு வெட்டி, கடைசி வளையத்தின் வழியே இழுத்து, பின்பக்கத் தையல்களுக்குள் ஒரு திசையில் நுழைத்து, பிறகு எதிர்த் திசையில் திருப்பிவிடுங்கள். நூலால் இரண்டு குத்துப் போட்டால் அசையாது.

டைல்ஸ் தரையில் ஈரமான துணி மிதி வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அடியில் விரிக்கும் ரப்பர் வலை கிடைத்தால் மிதி அளவைவிட இரண்டு விரல் குறைவாக வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூப்பைப் பிளந்து, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, அடிப்பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் கனத்த நூலால் தையுங்கள். முழு அடிப்பக்கத்தையும் ரப்பரால் மூடினால் ஈரம் அடியில் தங்கிவிடும்.

துவைப்பதும் பழுதும்

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காலால் மிதித்துத் துவைப்பதே போதும். முறுக்கிப் பிழிந்தால் வடிவம் போய்விடும். உருட்டி அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் நடுப்பகுதி காயாது. இரண்டு கொடிகளுக்கு மேலே படுக்கப் போட்டால் அடியிலிருந்தும் காற்று படும். பூஞ்சண வாடை வந்துவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினிகர் கலந்து ஊறவைத்து அலசுங்கள். நவம்பருக்கு அப்புறம் வெயில் கிடைக்கும்போது எல்லா மிதிகளையும் நாள் முழுக்கக் காயவிடுவது நல்லது.

நடுவில் ஒரு தையல் அறுந்தால் நுனியைக் கத்தரித்துவிடாதீர்கள், முழுச் சுற்றும் கழன்றுவிடும். அறுந்த பட்டை போன வழியிலேயே புதிய துண்டு ஒன்றை ஊசியால் நுழைத்து, இரண்டு பக்கமும் 8 செ.மீ. அளவுக்குப் பழைய பட்டையோடு சேர்ந்து ஓடவிட்டுத் தைத்துவிடுங்கள். வாசல் மிதியில் பெரும்பாலும் ஓரச் சுற்றுகள்தான் முதலில் தேயும். அதற்கு எளிய வைத்தியம் உண்டு: கடைசி வாலைப் பிரித்து, தேய்ந்த இரண்டு மூன்று சுற்றுகளை உருவி எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து புதுத் துணியை இணைத்து மறுபடி பின்னுங்கள்.